உள்வாசலை அகலமாக்க வேண்டுமா? உடைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அறைக்குள் போகப் பார்த்தா, வலது கை விரல் மொளியில் தோல் உரிந்து விட்டது. கதவு நிலைக்கும் நாற்காலிச் சில்லுக்கும் நடுவில் கை போன இடம் அது. நாற்காலி போய்விட்டது, கை போகவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து பார்த்த ஒரு ஒப்பந்தக்காரர் மூன்று வாசலையும் உடைத்துப் புது நிலை வைக்க வேண்டும், ஒரு மாத வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கடைசியில் உடைத்தது ஒரு வாசல் மட்டும்தான். மற்ற வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, அளந்து, சிலதைச் செய்தும் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தாய் தகப்பன் மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு, அவர்களுக்கும் இது தேவைப்படும்.

வீடு மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில். முன்பகுதி 1978 சூறாவளிக்குப் பிறகு அப்பா செங்கல்லில் கட்டியது, பின்னால் இருக்கிற அம்மாவின் அறையும் குளியலறையும் 2009இல் சீமெந்துக் கல் வைத்துச் சேர்த்தவை. எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு என்பதால் முடிவு எடுக்கிற பொறுப்பும் என்னுடையதுதான். வேலை செய்தது நான், என் கணவர், தம்பி மூன்று பேரும், ஓர் இடத்தில் மட்டும் மேசன் ஒருவர்.

முதலில் அளவு. நிறையப் பேர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். "மூன்றடி வாசல், வீல்செயார் போகும்" என்று சொல்வார்கள். மூன்றடி என்பது நிலையின் வெளிவிளிம்பில் இருந்து வெளிவிளிம்பு. எங்கள் அறை நிலையில் இரண்டு பக்கத்துக் கால்களும் மும்மூன்று அங்குலம், அப்போ 36இல் 6 போய் 30. பிறகு கதவைத் திறந்து வைத்தால் கதவுப் பலகையின் தடிப்பு உள்ளே வந்து நிற்கும். எங்கள் கதவுக்குப் பின்னால் அலுமாரி ஒன்று இருந்தது, அதனால் கதவு செங்குத்தாகக்கூடத் திறக்கவில்லை. அம்மா உண்மையில் போய்வர இருந்த இடைவெளி 27¾ அங்குலம். நாற்காலியோ கையால் தள்ளுகிற வளையத்தோடு சேர்த்து 25½. பக்கத்துக்கு ஓர் அங்குலம் சொச்சம். அதற்குள் மனிசரின் கை எப்படிப் போகும்?

ஆகவே அளவு நாடாவைக் கதவைத் திறக்கக்கூடிய மட்டும் திறந்து வைத்துவிட்டுப் பிடியுங்கள், கதவின் முகத்தில் இருந்து எதிர்ப்பக்க நிலையின் விளிம்பு வரைக்கும். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் பிடியுங்கள், பழைய நிலைகள் கீழே நெருங்கியிருக்கும். நாற்காலியையும் அளந்துகொள்ளுங்கள், கடைக்காரர் சொல்கிற அகலம் பல நேரம் இருக்கையின் அகலம்.

எவ்வளவு வேண்டும் என்றால், அமெரிக்க விதி திறந்த கதவில் 32 அங்குலம் கேட்கிறது, சர்வதேசத் தரத்தில் குறைந்தது 800 மில்லிமீற்றர், அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். இலங்கையில் அங்கவீனமுற்றோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை, சொந்த வீட்டுக்குள் வந்து யாரும் அளக்கப் போவதில்லை. ஆனால் 32 என்ற இலக்கை மனதில் வையுங்கள். நேராக வந்து நுழைகிற வாசல் என்றால் 29, 30கூடச் சமாளிக்கும். ஒடுங்கிய நடையில் வந்து அப்படியே கிறுகி நுழைய வேண்டிய வாசல் என்றால் 32உம் இறுக்கம்தான். நாற்காலி ஒரே இடத்தில் முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் கேட்கும், அதனால் வாசலுக்கு முன்னால் போட்டிருக்கிற வாங்கு, தையல் மெசின், அரிசி மூட்டை எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் சுவரைப் பாருங்கள்.

சரி, வழிகளுக்கு வருகிறேன். காசே செலவில்லாதது அலுமாரியை நகர்த்துவது. கதவு முழுதாகத் திரும்பிப் பின்சுவரோடு ஒட்டிப் படுக்கிறது என்றால் அந்தத் தடிப்பு வழியை விட்டுப் போய்விடும், எதுவும் வாங்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அலுமாரியை எடுத்ததும் 29 கிடைத்தது. அதற்கு மேல் கதவு திரும்ப மூலைச் சுவர் விடவில்லை.

அடுத்தது கதவைக் கழற்றிவிட்டுச் சேலை போடுவது. எங்கள் ஊரில் இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 30 அங்குலம் கிடைக்கும், பத்து நிமிட வேலை. ஆனால் உடுப்பு மாற்றுகிற, சில நேரம் கட்டிலிலேயே மலசலம் கழிக்க வேண்டியிருக்கிற ஒரு மனிசிக்குக் கதவு இல்லாத அறை என்ன மாதிரி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சேலையின் ஓரத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தா. அதைப் பார்த்த பிறகு அந்த வழியை விட்டுவிட்டேன். சேலையின் நுனி முன்சில்லில் சுற்றுகிறதும் வேறு.

மூன்றாவது வளைந்த பிணைச்சல், அதாவது கதவை நிலையோடு பிடிக்கிற கீல். சாதாரணப் பிணைச்சலில் கதவு திறந்தாலும் அதன் தடிப்பு வாசலுக்குள்ளேயே நிற்கும். இதன் தகடுகள் ஒரு முழங்கை மாதிரி மடங்கியிருப்பதால், செங்குத்தாகத் திறந்தவுடன் முழுக் கதவும் வழியை விட்டு வெளியே போய் நிற்கும். கிடைப்பது கதவுப் பலகையின் தடிப்பளவு, ஓர் அங்குலம் முதல் ஒன்றரை வரை. நான் போய்க் கேட்ட ஹாட்வெயார் கடைகளில் இல்லை, கடைசியில் ஒரு வெல்டிங் கடையில் படம் கீறிக் கொடுத்துச் செய்வித்தோம். செய்விக்கிறதென்றால் துருப்பிடிக்காத உருக்கில் செய்வியுங்கள், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மண்ணில் சாதாரண இரும்பு இரண்டு மாரி தாங்காது. பாரமான முதிரைக் கதவு என்றால் இரண்டு போதாது, மூன்று போடுங்கள். உங்களுக்குக் குறைகிறது ஓர் அங்குலம்தான் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அதுக்கு மேல் வேண்டுமென்றால் இதில் காசைப் போடாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த வழி. சுவரைத் தொடாமல் நிலையை மட்டும் கழற்றுவது. எங்கள் வீடுகளில் நிலைக்கால் ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் சாப்பிடுகிறது. அதை எடுத்துவிட்டால் 36 அங்குல ஓட்டை அப்படியே கையில் கிடைக்கும், ஓரங்களைப் பூசி முடித்தாலும் 35 மிஞ்சும். 27¾இல் இருந்து 35! ஒரு கல்லைக்கூட உடைக்காமல். இதை அந்த ஒப்பந்தக்காரர் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலைக்கு மேலே லிண்டல், அதாவது வாசலுக்குக் குறுக்கே போகிற கொங்கிறீற்று உத்திரம், இருக்க வேண்டும். லிண்டல் இருந்தால் மேல்சுவரின் பாரம் அதில் நிற்கும், நிலை சும்மா கதவைத் தாங்குகிற சட்டம் மட்டும்தான். பழைய வீடுகள் சிலவற்றில் கொங்கிறீற்று லிண்டலே இருக்காது, செங்கல்லை நேரே நிலையின் தலைமரத்தில் அடுக்கியிருப்பார்கள். அப்படியான நிலையைக் கழற்றினால் மேலே உள்ள கல் தலையில் விழும். எப்படித் தெரிந்துகொள்வது? நிலைக்கு மேலே உள்ளங்கை அளவுக்குப் பூச்சை உளியால் கொத்திப் பாருங்கள், நடுவில் ஓர் இடம், இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம். சாம்பல் நிறத்தில், உளி துள்ளித் திரும்பி வருகிற மாதிரிக் கெட்டியாக இருந்தால் கொங்கிறீற்று. சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல். நாங்கள் அறை வாசலில் கொத்தினபோது சாம்பல், அது சுவர் முழுக்கத் தொடர்ந்து போகிற வளையம். குசினி வாசலில் கொத்தினபோது சிவப்பு. ஒரே வீடு, இருபதடி தூரம்.

கழற்றுகிற விதம் இதுதான். கதவை எடுத்துவிட்டு, நிலைக்காலை நடுவில் வாளால் சரிவாக அறுங்கள். நேராக அறுத்தால் இரண்டு துண்டும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிக்கும். பிறகு அலவாங்கால் மெல்ல நெம்பினால் இரண்டு மூன்று இடத்தில் சுவருக்குள் போகிற இரும்புப் பட்டைகள் தெரியும், கிரைண்டரால் அவற்றை வெட்டினால் கால் தானாக வரும். பட்டையைச் சுத்தியலால் அடித்து இழுத்தால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து வந்துவிடும், எங்களுக்கு ஒன்று வந்தது. தலைமரம் கடைசியில். மரத்துக்குப் பின்னால் கறையான் புற்று இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள், மருந்து அடிப்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாளை எடுத்தபோது, "புள்ள, இது ஒங்கட அப்பா பார்த்துப் பார்த்து வைச்ச நிலை, ஓடாவியார் ரெண்டு நாள் இழைச்சவர்" என்று சொன்னா. அந்தக் காலில் நாங்கள் வளர்ந்த உயரம் பென்சிலால் கீறியிருக்கிறது, பழைய வீட்டில் இருந்த முதிரை நிலையைத்தான் அப்பா பின்னறைக்கும் கொண்டுவந்து வைத்தவர். அதனால் அந்தப் பக்கக் காலை நாங்கள் நடுவில் அறுக்கவில்லை. எதிர்க்காலை முதலில் எடுத்து, தலைமரத்தை இறக்கி, இதை முழுசாகவே வெளியே கொண்டுவந்தோம், அரை நாள் கூடப் போனது. இப்போது அது விறாந்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்தபடி இருக்கிறது. யாருடைய வீடு, யாருடைய மரம் என்று பாராமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நிலை போனால் கதவு எங்கே? சறுக்குக் கதவுதான். வாசலுக்கு மேலே சுவரின் வெளிமுகத்தில் ஒரு தண்டவாளம், அதில் தொங்குகிற சில்லு, பழைய கதவையே அதில் மாட்டலாம். எங்கள் பழைய கதவு 31 அங்குலம், ஓட்டையோ 35, ஆகவே இரண்டு பக்கமும் பலகை சேர்த்து 38 ஆக்கினோம். சறுக்குக் கதவுக்கு வாசலின் ஒரு பக்கத்தில் கதவின் அகலத்துக்குச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும், அதில் சுவிட்ச் இருந்தால் மாற்ற வேண்டும். சத்தம் மறைப்பதில் சாதாரணக் கதவுக்கு ஈடாகாது, ஓரத்தால் நுளம்பும் வரும். இவையெல்லாம் உண்மை. ஆனால் நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரிய விடுதலை: கதவைத் தன் பக்கம் இழுக்கும்போது பின்னுக்குப் போக வேண்டியதில்லை, ஒரு கையால் பக்கத்துக்குத் தள்ளினால் போதும். மாரியில் மரம் ஊதி இறுகுகிற கரைச்சலும் இல்லை. நைலோன் சில்லு வாங்குங்கள், துருப்பிடிக்காது. தரையில் தண்டவாளம் போடுகிற வகை வேண்டவே வேண்டாம், சில்லு தடக்கும்.

குளியலறை வேறு கதை. அங்கே நிலை வெளிவிளிம்பில் 27 அங்குலம், பிளாஸ்டிக் கதவு திறந்தால் இடைவெளி 21½. நிலையைக் கழற்றிப் பூசினாலும் 26, நாற்காலி 25½. மிஞ்சுகிற அரை அங்குலத்தில் கை போகாது. கக்கூசுக்கென்று இருக்கிற சிறிய சில்லு வைத்த ஒடுங்கிய நாற்காலி ஒன்று வாங்கலாம் என்று தம்பி சொன்னான், அது ஒரு நியாயமான வழிதான், கூட ஆள் இருந்து தள்ளுகிற வீட்டுக்கு அதையே சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாற்காலியில் இருந்து இன்னொன்றுக்கு அம்மாவைத் தூக்கி மாற்ற வேண்டும், பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். ஆகவே அங்கே உடைத்தோம்.

சுவர் உடைக்கிறதில் பாரம் எங்கே இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஏணி வைத்து ஏறி, அந்தச் சுவரின் தலையில் கூரை மரம் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள், அனுபவமுள்ள மேசனையோ பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்களுடையது நான்கு அங்குலத் தடுப்புச் சுவர், மேலே ஒன்றும் இல்லை. இரண்டாவது, இருக்கிற லிண்டல் எவ்வளவு நீளம். எங்களுடையது வாசலைத் தாண்டி இரண்டு பக்கமும் ஆறாறு அங்குலம்தான் சுவரில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் ஒன்பது அங்குலம் உடைத்தால் அது உட்கார இடமே இல்லாமல் போய்விடும். "ஒன்பது அங்குலம்தானே, லிண்டல் அப்படியே இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எந்தப் பக்கம் உடைக்கிறது? சுவிட்ச் இல்லாத பக்கம். கதவுப் பூட்டு இருக்கும் பக்கத்துச் சுவருக்குள்தான் பெரும்பாலும் வயர் இறங்கும். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கிரைண்டரைச் சுவரில் வைக்க வேண்டாம், கிரைண்டருக்கு வேறு இடத்தில் இருந்து லைன் எடுங்கள். தண்ணீர்க் குழாய் போகிற பாதையையும் பாருங்கள்.

லிண்டலை நாங்கள் முற்றத்தில் வார்த்தோம். புது ஓட்டை 36 அங்குலம், இரண்டு பக்கமும் எட்டு எட்டு ஏற வேண்டும், ஆகவே 52 அங்குல நீளம், நான்கு அகலம், ஆறு உயரம். கீழே 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு, மேலே இரண்டு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் வளையம். கம்பியைச் சுற்றி ஓர் அங்குலம் கொங்கிறீற்று மூட வேண்டும். கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, சல்லி நான்கு. கடற்கரை மணல் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்று அதை அள்ளிப் போடாதீர்கள், உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்றுவிடும், ஆற்று மணல்தான். ஏழு நாள் நனைந்த சாக்கு மூடி வைத்தோம், சுவரில் ஏற்றியது இருபத்தோராம் நாள். பாரம் ஐம்பது கிலோ வரும், இரண்டு பேர் தூக்க வேண்டும். மேற்பக்கம் எது என்று ஈரத்திலேயே கீறி வையுங்கள்.

ஏற்றுகிற நாளில்தான் மேசனைக் கூப்பிட்டோம். பழைய லிண்டலுக்கு மேலே சுவரில் ஒரு ஓட்டை போட்டு, குறுக்கே கட்டை ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் பழைய லிண்டலுக்கு மேல் ஒரு வரிசைக் கல்லை எடுத்து, புதியதை அங்கே தள்ளி, மேலே இருந்த இடைவெளியில் ஈரம் குறைந்த சாந்தைக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினார். அதை இரண்டு நாள் இறுக விட்டு, பிறகு கீழே இருந்த பழைய லிண்டலையும் பக்கச் சுவரையும் கிரைண்டரால் கீறிக் கீறி எடுத்தோம். கீறாமல் சுத்தியலால் அடித்தால் மற்றப் பக்கத்து டைல்ஸ் எல்லாம் கழன்றுவிடும். வெட்டும்போது ஒருவர் போத்தலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும், அந்தக் கல் தூசி சுவாசப்பையில் படிந்தால் போகாது, வாயில் துணி கட்டுவது போதாது, நல்ல முகக்கவசம் போடுங்கள். அம்மாவை அந்த ஒரு கிழமை தம்பி வீட்டில் வைத்திருந்தோம். அப்படியும் மூன்று நாளைக்குப் பிறகு அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையை உதறினால் தூள் பறந்தது.

யாரும் கணக்கில் எடுக்காத ஒரு விசயம் தரை. சுவர் நின்ற இடத்தில் டைல்ஸ் இருக்காது, ஒன்பது அங்குலத்துக்கு நான்கு அங்குலம் வெறும் சீமெந்து தெரியும். பழைய டைல்ஸின் நிறம் இப்போது கடையில் கிடைக்காது. கட்டிலுக்குக் கீழே இருந்து ஒன்றைப் பெயர்த்தெடுத்து இங்கே ஒட்டினோம். குளியலறை வாசலில் தண்ணீர் வராமல் கட்டியிருந்த இரண்டு அங்குலக் கட்டும் நாற்காலிக்குச் சுவர் மாதிரித்தான். அதை உடைத்து, உள்ளே தரையைத் தண்ணீர்க் குழியை நோக்கிச் சரித்துப் போட்டோம். உடைக்க முடியாதவர்கள் சரிவுப் பலகை வைக்கலாம், ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற கணக்கு, இரண்டுக்கு இரண்டடி. புதுப் பிளாஸ்டிக் கதவை வெளியே திறக்கிற மாதிரிப் போட்டோம், உள்ளே யாராவது விழுந்தால் கதவு அவரோடு மோதி இறுகக் கூடாது.

செலவைக் கேட்டால், பிணைச்சல் ஒரு நாள் மேசன் கூலிக்குள் முடிந்தது. நிலை கழற்றிச் சறுக்குக் கதவு போட்டதற்கு அதைப் போல நான்கு மடங்கு, பெரும்பகுதி தண்டவாளத்துக்கும் சில்லுக்கும். குளியலறைச் செலவு அந்த இரண்டையும் கூட்டியதைவிட அதிகம், வார்ப்பில் இருந்து கதவு வரைக்கும் ஆறு கிழமை. பிணைச்சலை இப்போது சாமி அறைக் கதவுக்கு மாற்றிவிட்டோம், அங்கே அந்த ஓர் அங்குலம்தான் குறைந்தது.

ஆகவே என்னிடம் கேட்டால், ஓர் அங்குலம் குறைந்தால் அலுமாரியும் பிணைச்சலும், ஐந்தாறு அங்குலம் குறைந்து மேலே லிண்டலும் இருந்தால் நிலையைக் கழற்றுங்கள், நிலையைக் கழற்றியும் போதாத இடத்தில் மட்டும் உடையுங்கள். வீடு முழுக்க ஒரே வழி என்று போக வேண்டாம், ஒவ்வொரு வாசலையும் தனித்தனியே பாருங்கள்.

குசினி வாசல் மட்டும் மிச்சம். அங்கே நிலையின் தலைமரம்தான் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாங்குகிறது, அதற்கு மேலே கூரை மரமும் இருக்கிறது, நாங்கள் தொடவில்லை. மாரி முடிந்து தை மாதத்தில் மேசன் வருவார். அதுவரைக்கும் அம்மா குசினி வாசலுக்கு வெளியே நாற்காலியை நிறுத்தி, மடியில் சுளகை வைத்து அங்கிருந்தே எனக்குக் கீரை ஆய்ந்து தருகிறா.